“செபம் வருதில்லை”: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

வாசகியின் கடிதம்:

“முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கரையோரக் கிராமம் எங்களுடையது. கத்தோலிக்கக் குடும்பம். எட்டு மாதத்துக்கு முதல் என் மூத்த மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் செத்துப்போனான். வயது 23. அன்றிலிருந்து எனக்குச் செபம் வருதில்லை. செபமாலையை எடுத்தால் கை மணியை உருட்டுது, மனம் கல்லாய்க் கிடக்குது. செபக் கூட்டத்து ஆக்கள் வீட்டுக்கு வந்து, ‘நம்பிக்கை இல்லாதவர்கள் மாதிரி அழக்கூடாது, நீ அழுதால் பிள்ளையின் ஆன்மா இளைப்பாறாது’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். 2009இல் யுத்தம் முடிகிற நேரம் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்த என் தம்பியைப் பற்றியும் இன்னும் ஒரு தகவல் இல்லை. அவனை இருக்கிறவன் என்று நினைத்துச் செபிப்பதா, செத்தவன் என்று நினைத்துச் செபிப்பதா? கணவர் கடலுக்குப் போகிறார், வருகிறார், ஒரு சொல் கதைப்பதில்லை. என் விசுவாசம் போய்விட்டதா? இந்த ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழாவுக்கு எல்லோரும் கூப்பிடுகிறார்கள். போகவும் மனமில்லை, போகாமல் விடவும் பயமாய் இருக்குது.”

அன்பான அக்கா,

நான் உளவளத்துணையாளர், குருவானவர் இல்லை. ஆனால் நானும் செபமாலை உருட்டி வளர்ந்தவள்தான். அதனால் இது மனதுக்கு, இது விசுவாசத்துக்கு என்று பிரித்து வைத்துப் பதில் சொல்ல எனக்கு வராது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில், அழுதால் பிள்ளையின் ஆன்மா இளைப்பாறாது என்றார்களே, அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். திருச்சபை அப்படி எங்கேயும் கற்பிக்கவில்லை. இலாசரின் கல்லறைக்கு முன்னால் இயேசு அழுதார் என்று யோவான் நற்செய்தி 11ஆம் அதிகாரம் சொல்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இலாசரை எழுப்பப்போகிறோம் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அழுதார். சுற்றி நின்ற சனம் அதைப் பார்த்து, இவருக்கு அவன்மேல் எவ்வளவு அன்பு என்றுதான் சொன்னது. விசுவாசம் குறைந்த ஆள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

உங்களிடம் வந்தவர்கள் பிடித்துக்கொண்ட வசனம் எது என்றும் எனக்குத் தெரியும். பவுல் தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் கடிதம், 4ஆம் அதிகாரம், 13ஆம் வசனம். நம்பிக்கை இல்லாத மற்றவர்களைப்போலத் துயரப்பட வேண்டாம் என்று அதில் வருகிறது. சாவு வீடுகளில் இந்த வசனத்தைப் பாதியிலேயே முறித்து, ‘துயரப்பட வேண்டாம்’ என்பதை மட்டும் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பவுல் துயரப்படுவதைத் தடுக்கவில்லை. இறந்தவர்களை இனிக் காணவே மாட்டோம் என்று நினைப்பவர்களின் துயரம் வேறு, உங்களுடையது வேறு என்கிறார். உயிர்த்தெழுதலை நம்புகிற தாய்க்கும் பிள்ளையின் கட்டில் வெறுமையாகத்தான் கிடக்கும். அதைப் பார்த்து அழுவதற்கும் விசுவாசத்துக்கும் சண்டையில்லை.

நம்முடைய கோயில்களையே பாருங்கள். தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கிறோம். 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், கோவாவிலிருந்து வந்து இங்கே உழைத்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் எழுதி வைத்துவிட்டுப் போனது. அதை இழுத்து இழுத்து ஒப்பாரி மாதிரி வாசிக்கும்போது வயதான அம்மாமார் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். இறந்த மகனுக்காக மாதா புலம்புவதைக் கோயிலுக்குள் உட்கார்ந்து கேட்டு அழலாம், இறந்த மகனுக்காக ஒரு தாய் தன் வீட்டு விறாந்தையில் அழக்கூடாது என்றால் அது என்ன நியாயம்?

இனிச் செபம் வராததைப் பற்றி.

துக்கத்தில் இருப்பவர்களுக்கு எல்லோரும் கொடுப்பது 23ஆம் திருப்பாடல், ஆண்டவர் என் ஆயர். நல்ல பாடல்தான். ஆனால் நான் முதலில் கொடுப்பது 88. திருப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். பெரும்பாலானவை அழுகையில் தொடங்கி, கடைசியில் நன்றியிலோ நம்பிக்கையிலோ போய் முடியும். 13ஆம் பாடல் அப்படித்தான்: இன்னும் எத்தனை நாள் என்னை மறந்திருப்பீர் என்று கேட்டுத் தொடங்கி, பாட்டோடு முடிகிறது. 88 அப்படி இல்லை. கடைசி வரி வரைக்கும் இருட்டு. இராப்பகலாகக் கூப்பிடுகிறேன், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்கிறவருக்கு அந்தப் பாடலில் பதிலே வருவதில்லை. அதைத் தொகுத்தவர்கள் நினைத்திருந்தால் கடைசியில் ஆறுதலாக இரண்டு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. அப்படியே செபம் என்று வைத்துவிட்டார்கள். ஆகவே நீங்கள் இப்போது நிற்கிற இடத்துக்கும் வேதாகமத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. ஒரு நாள் அதை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். வேறொன்றும் கேட்க வேண்டாம், வாசித்துவிட்டு மூடி வையுங்கள்.

கை மணியை உருட்டுகிறது, மனம் கல்லாய்க் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, கை உருட்டட்டும். அதையும் செபக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். எப்படிச் செபிப்பது என்று நமக்குத் தெரியாதபோது ஆவியானவரே சொல்லில் அடங்காத பெருமூச்சுகளோடு நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்று உரோமையர் 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சொல் வராத இடத்தை அவர் பார்த்துக்கொள்வார் என்றால், சொல்லைத் தேடி நீங்கள் உங்களை வருத்தத் தேவையில்லை. இரவில் நித்திரை வராதபோது, “அருள் நிறைந்த மரியே” செபத்தை மெதுவாக, மூச்சை ஆறுதலாக வெளியே விட்டபடி சொல்லுங்கள். ஐந்து பத்துமணியும் முடிக்க வேண்டும் என்றில்லை. இதில் எங்கள் துறைக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. 2001இல் இத்தாலிய மருத்துவர்கள் சிலர் செபமாலையை லத்தீனில் சொல்லவைத்து ஆராய்ந்தபோது, சொல்பவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஆறு தடவை என்ற அளவுக்கு இறங்கியது, இதயத் துடிப்பும் அதற்கு ஏற்றபடி ஒழுங்கானது. அதற்காக யாரும் செபமாலை சொல்வதில்லை, எனக்கும் தெரியும். ஆனால் துக்கம் உடம்புக்குள்ளும் இருக்கிறது. மனம் கல்லாய்க் கிடக்கிற நேரத்திலும் உடம்பு அந்த ஆறுதலை எடுத்துக்கொள்ளும்.

மாற்கு நற்செய்தியில் முடக்குவாதக்காரன் ஒருவனை நாலு பேர் கட்டிலோடு தூக்கி வருவார்கள். கூட்டத்துக்குள் நுழைய முடியாமல் கூரையைப் பிரித்து இறக்குவார்கள். இயேசு “அவர்களுடைய” விசுவாசத்தைக் கண்டு அவனைக் குணமாக்கினார் என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் விசுவசித்தானா இல்லையா என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. இப்போது நீங்கள் படுத்திருக்கிறீர்கள், அக்கா. தூக்க வேண்டியது மற்றவர்களின் வேலை. ஊரில் உங்களுக்கு மனம் ஒத்த ஓர் ஆளை, பக்கத்து வீட்டு ஆச்சியோ, பங்கிலுள்ள சிஸ்டரோ, பின்னேரத்தில் வந்து செபமாலை சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் பதில் சொல்லவும் வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும். புத்தி சொல்ல வருகிற கூட்டத்துக்கு, இப்போதைக்கு வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்வதில் பாவம் ஒன்றும் இல்லை.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றையும் கேட்கிறேன். ஆண்டவரோடு கோபமா? இருக்கிறது என்றால் அதை ஒளித்து வைத்துக்கொண்டு செபிக்கப் பார்க்காதீர்கள். செபம் அடைத்துக்கொண்டு நிற்பது பல பேருக்கு அந்த இடத்தில்தான். நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்கமாட்டான் என்று மார்த்தா இயேசுவின் முகத்துக்கு நேரே சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து மரியா வந்து அதையே திருப்பிச் சொன்னாள். இரண்டு பேருக்கும் அவர் ஏச்சுக் கொடுக்கவில்லை. நீங்களும் சொல்லலாம். அன்றைக்கு அந்த றோட்டில் நீர் எங்கே இருந்தீர் என்று கேட்கலாம். கடற்கரையில் சத்தமாய்க் கேட்டாலும் சரி.

தம்பியின் விடயம் இதைவிடக் கடினமானது. மகனின் சாவு அதையும் கிளப்பிவிட்டிருக்கிறது. இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. வன்னியில் புதுச் சாவு ஒன்று விழுந்தால் பழையவை எல்லாம் கூடவே எழும்பி வரும். ஏனென்றால் 2009இல் நாங்கள் ஒருவருக்கும் ஒழுங்காக அழவில்லை. பங்கருக்குள் மண்ணைப் போட்டு மூடிவிட்டு ஓடினோம், பிறகு முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றோம். சேமக்காலை இல்லை, பூசை இல்லை, 31ஆம் நாள் இல்லை. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னி மக்களின் மனவடுவைப் பற்றி எழுதியபோது, அதைத் தனித்தனி ஆட்களின் நோயாக மட்டும் பார்க்கக்கூடாது, குடும்பமும் ஊரும் சேர்ந்து காயப்பட்டிருக்கிறது என்றுதான் சொன்னார். ஆகவே மகனுக்காக அழ உட்கார்ந்தால் தம்பிக்காகவும் சேர்ந்து வருவதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

இருக்கிறவன் என்று செபிப்பதா, இல்லாதவன் என்று செபிப்பதா? நவம்பர் 2ஆம் திகதி, மரித்தோர் நினைவு நாளில், கோயிலில் பெயர் எழுதிக் கொடுக்கும்போது உங்கள் கை நடுங்கும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாளில் தம்பியின் பெயரை எழுதினால் நாமே அவனைச் சாகடித்த மாதிரி. எழுதாவிட்டால் ஒருவேளை அவனுக்குத் தேவையான செபத்தை நாமே மறுத்த மாதிரி. நிச்சயமில்லாத இழப்பு என்று எங்கள் துறையில் இதைத் தனியாகவே படிக்கிறோம். சாவைவிட இதில் ஆறுவது கடினம், ஏனென்றால் ஆறத் தொடங்கினாலே துரோகம் செய்கிற மாதிரி இருக்கும்.

என் பதில் இதுதான். முடிவு எடுக்க வேண்டியது நீங்கள் இல்லை. அவன் எங்கே இருக்கிறான் என்பது ஆண்டவருக்குத் தெரியும், செபத்தை எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்பதும் அவருக்குத் தெரியும். “ஆண்டவரே, என் தம்பி எங்கே இருந்தாலும் உம்முடைய கையில்” என்று சொன்னால் போதும். பூசைக்குக் கருத்துக் கொடுக்கும்போதும் இன்னாருக்காக என்று பெயரை மட்டும் கொடுக்கலாம். விளக்கம் சொல்லத் தேவையில்லை. பங்குத்தந்தையிடம் ஒருமுறை கதைத்துப் பாருங்கள், இந்தப் பக்கத்தில் வேலை செய்கிற பாதர்மாருக்கு இது புதுக் கேள்வி இல்லை. அன்று வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு கூடப்போனவர்களில் பிரான்சிஸ் ஜோசப் அடிகளும் ஒருவர். யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர். அவருக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை பதில் இல்லை. நீங்கள் கேட்கிற கேள்வியோடுதான் திருச்சபையும் தன் குரு ஒருவருக்காகக் காத்திருக்கிறது.

இன்னொன்று. தம்பிக்கு மரணச் சான்றிதழ் எடுங்கள் என்று யாராவது நெருக்கினால், வேறு வழி இருக்கிறது என்று தெரிந்து வைத்திருங்கள். இறந்தார் என்று எழுதாமல், ஆள் காணாமல் போயிருக்கிறார் என்று மட்டும் சான்றிதழ் பெறுவதற்கு 2016இல் சட்டம் வந்தது. காகித வேலைக்காக மனதை ஒரு முடிவுக்குத் தள்ள வேண்டாம்.

கணவரைப் பற்றி நீங்கள் எழுதியது ஒரே ஒரு வரி. அவர் கதைக்காததை அவருக்குத் துக்கம் இல்லை என்று எடுத்துவிடாதீர்கள். ஆம்பிளைகளை அழவிடாமல் வளர்த்துவிட்டோம், அவர் வலையையும் இயந்திரத்தையும் பிடித்துக்கொண்டு தாங்குகிறார். கதையுங்கள் என்று பிடித்து இருத்தினால் எழும்பிப் போய்விடுவார். கடலுக்குப் போகிற நேரத்தில் இரண்டு பேரும் நின்று ஒரு பரலோக மந்திரம் சொல்லலாமா என்று கேட்டுப் பாருங்கள். மகனின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அரை நிமிட வேலை. மாட்டேன் என்றால் விட்டுவிட்டு, இன்னொரு நாள் கேளுங்கள். குடி கூடுகிறது என்றால் மட்டும் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம், உதவி தேடுங்கள்.

‘மூத்த மகன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இளையவர்களும் இருக்கிறார்கள். கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை, அக்கா, பிள்ளையை இழந்த தாய்க்கு மற்றப் பிள்ளைகள் கொஞ்ச நாளைக்குக் கண்ணில் படாமல் போவது நடக்கிறதுதான். ஆனால் அவர்களும் அண்ணனை இழந்திருக்கிறார்கள். அம்மா அழுவாள் என்று பயந்து வீட்டில் அவன் பெயரைச் சொல்லாமல் இருப்பார்கள். நீங்கள் முதலில் சொல்லுங்கள். அண்ணனுக்கு இந்தக் கறி விருப்பம் என்று ஒருநாள் சோறு போடும்போது சொன்னால், அவர்களுக்கும் வாய் திறக்கும்.

இனி என் தொழிலுக்காக ஒரு பகுதி. எட்டு மாதம் என்பது துக்கத்துக்கு நீண்ட காலம் இல்லை, ஆகவே இன்னும் அழுகிறேனே என்று வெட்கப்பட வேண்டாம். ஆனால் சாப்பாடு இறங்காமல் மெலிந்துகொண்டே போனால், கிழமைக்கணக்கில் நித்திரை இல்லையென்றால், குளிக்கவும் சமைக்கவும் எழும்ப முடியாமல் போனால், மகனிடம் போய்விடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும்கூட, வைத்தியசாலைக்குப் போங்கள். முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலச் சேவை இருக்கிறது. போவதற்கு வழியில்லாத நேரத்தில் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், அது தேசிய மனநல உதவித் தொலைபேசி, இரவு பகல் எந்த நேரமும் எடுப்பார்கள். செபிக்கிறவளுக்கு மருந்து எதற்கு என்று யாராவது கேட்டால், காய்ச்சலுக்குப் பனடோல் போடும்போது இந்தக் கேள்வியைக் கேட்டீர்களா என்று திருப்பிக் கேளுங்கள். செபித்தால் எல்லாம் மாறும், மருந்தை நிறுத்து என்கிறவர்களிடமிருந்து தள்ளியே இருங்கள், அவர்கள் எந்தச் சபைக்காரராய் இருந்தாலும்.

அப்போது நம்பிக்கை எங்கே என்று கேட்பீர்கள். கிறிஸ்தவர்களுக்கு அது உயிர்த்தெழுதலில் இருக்கிறது. அதைச் சுருக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதை ஒவ்வொரு நாளும் மனதில் உணர வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. உணராத நாட்களிலும் அது இருக்கும், உங்களுக்காக மற்றவர்கள் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். உங்களிடம் முதலில் திரும்பி வருவது சின்னச் சின்ன விடயங்களாகத்தான் இருக்கும். ஒருநாள் கறிக்கு உப்புப் போதாது என்று நாக்குக்குத் தெரியும். ஒருநாள் இளையவன் சொன்ன பகிடிக்குச் சிரித்துவிடுவீர்கள். சிரித்த அடுத்த கணமே, பிள்ளை செத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, நான் சிரிக்கிறேனே என்று குற்ற உணர்வு வந்து பிடித்து உலுக்கும். வரும் என்று இப்போதே தெரிந்து வைத்திருங்கள். அந்தச் சிரிப்புக்காக மகனிடம் மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம்.

கடைசியாக மடு. போகாவிட்டால் ஏதும் நடந்துவிடுமோ என்ற பயத்தில் போக வேண்டாம். மடு மாதாவின் சுரூபம் ஆண்டாண்டாய் ஒரே இடத்தில் இருந்து பூசை கண்டது இல்லை. 1670இல் ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலிருந்து காட்டு வழியாகச் சனம் தூக்கிக்கொண்டு ஓடிய சுரூபம் அது. 1999 நவம்பரில் அந்த வளவில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின்மேலேயே ஷெல் விழுந்தது, மாதாவின் கண்ணுக்கு முன்னாலே பலர் செத்தார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கி வந்தபோது சுரூபத்தைத் தேவன்பிட்டிக்கு எடுத்துப் போனார்கள். எங்களோடு சேர்ந்து இடம்பெயர்ந்த தாய், நீங்கள் ஒரு வருடம் திருவிழாவுக்கு வராததற்குக் கோபிக்க மாட்டா.

ஆவணி 15இல் இலட்சக்கணக்கான சனத்துக்குள் போய், கண்ட இடமெல்லாம் “பிள்ளை எப்படி மோசம் போனவன்?” என்று கேட்பவர்களுக்குக் கதை சொல்லிக் களைக்கத் தேவையில்லை. திருவிழா முடிந்து கூடாரங்கள் எல்லாம் கழற்றிய பிறகு, சாதாரண கிழமைநாள் ஒன்றில் போங்கள். அன்று கோயிலில் நினைத்த அளவு நேரம் இருக்கலாம், ஒருவரும் எழுப்ப மாட்டார்கள். கடலுக்குப் போகாத நாளாய்ப் பார்த்தால் கணவரும் வரக்கூடும். அவர் உள்ளே வராமல் வெளியே மரத்துக்குக் கீழே இருந்தாலும் விட்டுவிடுங்கள்.